வெங்காயச் சருகு வழித்தடம்

எங்கள் பூங்குயில் நகர் குடியிருப்புக்கு வரும் பேருந்து வழித்தடத்தின் பெயர் வெங்காயச் சருகு. சிரிக்க வேண்டாம். நகரத்தில் வழித்தடங்கள் இருபதைத் தாண்டுவதற்குள் சிவப்பு, நீலம், பச்சை எல்லாம் தீர்ந்துவிட்டன. ரயில்கள் நல்ல நிறங்களை முதலிலேயே எடுத்துக்கொண்டன. மிச்சமிருந்த பேருந்துகளுக்கு நிறம் தேடி வழித்தட வாரியத்துக்காரர்கள் ஏதோ ஒரு புடவைக் கடைக்குள் நுழைந்திருக்க வேண்டும். அண்ணா நகருக்கு மயில்கழுத்து கிடைத்தது. முகப்பேருக்கு மாந்தளிர். கொளத்தூருக்குக் கிளிப்பச்சை. எங்களுக்கு வெங்காயச் சருகு. டி பிளாக்கில் பெண் பார்க்க வந்தவர்கள், "உங்க ஏரியாவுக்கு எந்த லைன்?" என்று கேட்டு, பதில் வந்ததும் பஜ்ஜியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பியதாகக் கேள்வி. நான் அங்கே இல்லை. பாதி பஜ்ஜியைப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

என் வீடு ஏ பிளாக் முதல் மாடி. பால்கனிக்கு நேர் கீழே நிறுத்தம். நானாகக் கேட்டு வாங்கிய வீடு அல்ல, குலுக்கலில் விழுந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கீரை ஆய வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் பால்கனியில்தான் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் யார் ஏறுகிறார்கள், யார் இறங்குகிறார்கள் என்பது கண்ணில் படத்தான் செய்யும்.

இந்தப் பேருந்துகளுக்கு ஓட்டுநர் கிடையாது. நிலையான பாதையும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலைதோறும் எந்திரம் பாதையைப் புதிதாக வரைந்து நிறுத்தத்துப் பலகையில் காட்டும். மக்கள் எங்கே போக ஆசைப்படுகிறார்களோ அந்தப் பக்கம் கோடு கொஞ்சம் வளையும். ஆசைப்பட்டது யார் என்று மட்டும் சொல்லாது. அதைக் கண்டுபிடிக்கத்தான் நாங்கள் இருக்கிறோமே. போன வருடம் கோடு பாடியில் ஒரு பிரியாணிக் கடை வாசல்வரை நீண்டது. பி பிளாக்கில் வாசற்கதவில் 'சுத்த சைவம்' என்று எழுதி வைத்திருந்த குடும்பம் இரண்டு வாரம் வெளியே தலைகாட்டவில்லை. நான் யாரையும் சொல்லவில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிறு, கோடு திருமுல்லைவாயில் பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பியது. ஓடைக்கரைத் தெரு என்ற முட்டுச்சந்தின் கடைசிவரை போய், அங்கே ஒரு புது நிறுத்தம் போட்டு, அப்படியே திரும்பி வந்தது. அந்தத் தெருவில் இருப்பது நாலு வீடும், பூட்டிப் பல காலமான ஒரு வார்ப்படத் தொழிற்சாலையும். கோயில் இல்லை, கடை இல்லை, டாக்டர் இல்லை. நாலு வீட்டு வாசலிலும் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஒன்றுமே இல்லாத இடத்துக்குக் கோடு வளைந்தால் அங்கே ஏதோ பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம்.

எனக்கு இரண்டு நாள் பிடித்தது. காலை பதினொரு மணி பஸ்ஸில் சி பிளாக் கஸ்தூரி கூடையோடு ஏறினாள். ஒன்றரை மணி நேரம் கழித்து இறங்கினாள். கூடையில் ஒரு கட்டு கொத்தமல்லி. கொத்தமல்லி எங்கள் வாசலுக்கே வண்டியில் வரும். மறுநாளும் ஏறினாள், இறங்கினாள், கொத்தமல்லி. முதல் நாள் கட்டேதான் என்று எனக்குத் தோன்றியது. வாடியிருந்தது.

மூன்றாம் நாள் நானும் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு ஏறி, அவளுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்தேன்.

"எங்க ஜெகதா, நீயும் இந்தப் பக்கம்?"

"கொத்தமல்லி வாங்கலாம்னு."

அவள் திரும்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டாள். பஸ் ஓடைக்கரைத் தெருவுக்குள் நுழைந்ததும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தாள். கடைசி வீட்டின் முன் பஸ் நின்று கதவு திறந்தது. வீட்டு வாசலில், நைட்டியின் மேல் துண்டு போட்ட ஒரு பெண் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கஸ்தூரி பாதி எழுந்தாள். நாற்பது நொடி கதவு திறந்தே இருந்தது. பிறகு மூடியது. அவள் உட்கார்ந்தாள்.

துணி உலர்த்தியது சுகந்தி. கஸ்தூரியின் ஒரே மகள். மூன்று வருடம் முன்பு ரூபன் என்கிற லிஃப்ட் மெக்கானிக்கைக் கல்யாணம் செய்துகொண்டு போனவள். பையன் வேறு சாதி, வேறு மதம். குடியிருப்பில் அந்தச் செய்தியை முதலில் சொன்னது நான்தான், அதை இங்கே இழுக்க வேண்டாம். அப்பா தணிகாசலம், பஸ் கூண்டு கட்டும் பட்டறையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கத்தவில்லை, அடிக்கவில்லை. சாமி படத்தின் முன் தட்டில் சூடம் ஏற்றி, மனைவியை உள்ளங்கையால் அணைக்கச் சொன்னார். மகள் இருக்கிற தெருவில் கால் வைக்க மாட்டேன் என்று சத்தியம். கஸ்தூரி அணைத்தாள்.

"அப்ப இது என்ன?" என்று கேட்டேன்.

"கால் வைக்கலியே. கால் பஸ்ஸுக்குள்ளதான இருக்கு." சொல்லிவிட்டுக் காலைப் பார்த்துக்கொண்டாள். "முன்னல்லாம் மெயின் ரோட்டோட போயிடும். தெருமுனை வர்றப்ப எந்திரிச்சு எட்டிப் பார்ப்பேன், ஒண்ணும் தெரியாது. அந்த மெஷினுக்கு என்ன தோணுச்சோ, தானா உள்ள திரும்பிடுச்சு."

"நீ உள்ள இருக்கறது அவளுக்குத் தெரியுமா?"

"எப்படித் தெரியும்? கண்ணாடி பூரா பற்பசை விளம்பரம் ஒட்டி வச்சிருக்கான். நமக்கு வெளிய தெரியும், அவளுக்கு பல்லுதான் தெரியும்." கூடையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "வயித்தப் பார்த்தியா? ஏழு மாசம் இருக்கும். தலைப்பிரசவம், ஜெகதா. நம்ம வீட்ல வச்சு நான்தான பார்க்கணும்? அவ பிரசவ வலில கிடக்கறப்பவும் நான் இந்த ஜன்னல்லதான் உக்காந்திருப்பேனா?"

அந்தக் கேள்வியைத் தனியாகச் சுமந்துகொண்டிருக்க என்னால் முடியவில்லை. அதனால் வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒருத்தியிடம், எதிர்வீட்டு சரளாவிடம், யாரிடமும் சொல்லாதே என்று சொல்லித்தான் சொன்னேன். சாயங்காலம் தண்ணீர் லாரி வரிசையில் அது எனக்கே திரும்பி வந்தது. நான் சொன்னதில் வயிறும் இருந்தது. திரும்பி வந்ததில் வயிறு இல்லை. வாய் மாற மாற நல்ல பகுதிதான் முதலில் உதிர்கிறது. மிஞ்சியது இவ்வளவுதான்: கஸ்தூரி புருஷனை ஏமாற்றி, சத்தியத்தை ஏமாற்றி, தினம் பஸ்ஸில் போய் மகளைப் பார்க்கிறாள்.

மறுநாள் அது இஸ்திரி வண்டியில் தணிகாசலத்தின் காதில் விழுந்தது. அவர் வீட்டுக்குப் போனார், சாப்பிட்டார், கை கழுவினார், "கார்ட எடு" என்றார். கஸ்தூரி பயண அட்டையை எடுத்துக் கொடுத்தாள். சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான் நடந்தது என்று கீழ்வீட்டில் கேட்டவர்கள் சொன்னார்கள்.

எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு கட்டு கொத்தமல்லி வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். கஸ்தூரி திறந்தாள், கட்டை வாங்கிக்கொண்டாள், கதவை மூடினாள்.

மறுநாளிலிருந்து பதினொரு மணி பஸ்ஸில் தணிகாசலம் ஏற ஆரம்பித்தார். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, கையில் பேப்பர். பெண்டாட்டியை அடக்கிவிட்ட மிடுக்கோடு ஓய்வுபெற்றோர் சங்க ஆபீசுக்குப் போகிறார் என்று நினைத்தேன். நினைத்ததோடு நிறுத்தவில்லை, நாலு பேரிடம் சொன்னேன்.

எனக்கு விளங்காதது ஒன்றுதான். கஸ்தூரி பயணம் நின்றுவிட்டதே, அடுத்த ஞாயிறு கோடு நேராகியிருக்க வேண்டுமே? ஆகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் ஓடைக்கரைத் தெருவில் போய் முட்டிக்கொண்டுதான் நின்றது. எந்திரத்துக்கு மூளை குழம்பிவிட்டது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

வாரியத்துக்கும் அதே சந்தேகம் போலும். ஆறாவது வாரம் வழித்தட ஆய்வாளராக ஒரு பெண் வந்தாள். நிலோஃபர், புதுப்பேட்டைக்காரி, தோளில் பை, கையில் கணக்கு காட்டும் பலகை. நிறுத்தத்தில் விசாரித்தவளை எல்லாரும் என் வீட்டுக்கே அனுப்பி வைத்திருக்கிறார்கள். ஏன் என்று தெரியவில்லை. பால்கனியில் உட்காரவைத்து மோர் கொடுத்தேன்.

"பதினோரு மணி வண்டியப் பத்திக் கேக்கணும்க்கா. யாரு ஏறுறாங்கன்னு எனக்குப் பேரு காட்டாது. சீட்டு, கார்டு நம்பர், எடை, இவ்ளோதான் காட்டும்."

"எடை எதுக்கும்மா?"

"யாரு எங்க இறங்குறாங்கன்னு மட்டும் பார்த்தா, பஸ் ஏற்கனவே போற எடத்துக்குத்தான் போய்க்கினே இருக்கும். எங்க இறங்க நெனச்சு இறங்காம இருக்காங்கன்னு பார்க்கணும். ஒருத்தர் பாதி எந்திரிச்சா சீட்ல எடை கொறையும், உக்காந்தா ஏறும். அத எண்ணும். நாட்டம்னு பேரு அதுக்கு." மோரைக் குடித்தாள். "இங்க ஒரு அம்மாவோட நாட்டம் ரொம்ப ஜாஸ்தி. லேடீஸ் கார்டு, அதனால அம்மான்னு தெரியும். ஆனா மெஷின்ல கோளாறு இருக்குன்னு நெனக்கிறேன்."

"என்ன கோளாறு?"

"அந்தம்மா அம்பத்திரெண்டு கிலோ. அஞ்சு வாரம் முன்னாடி ஒரே நாள்ல எழுபத்தெட்டு ஆயிட்டாங்க. அதுக்கப்புறம் எறங்கவே இல்ல. ஒரே ராத்திரில இருபத்தாறு கிலோ ஏறின பொம்பளய எனக்குக் காட்டுங்கக்கா, நான் போயிடுறேன்."

நான் கீழே பார்த்தேன். மணி பதினொன்று அடிக்க ஐந்து நிமிடம். எழுபத்தெட்டு கிலோ, பேப்பரை அக்குளில் இடுக்கிக்கொண்டு நிறுத்தத்தில் நின்றிருந்தது.

என் கையிலிருந்து தரையில் விழுந்த கீரையை நிலோஃபர் எடுத்துக் கொடுத்தாள். அவளும் எட்டிப் பார்த்தாள்.

"அந்தம்மா ஒரு தடவதான் எந்திரிப்பாங்க," என்றாள் மெதுவாக. "இவரு அந்த நாப்பது செகண்டுல மூணு தடவ, நாலு தடவ எந்திரிச்சு உக்கார்றாரு. நான் சீட்டுதான் ரிப்பேர்னு எழுதி வச்சிருக்கேன்."

"அடுத்தவங்க கார்டுல போறது தப்பாச்சேம்மா. ஏதாவது பண்ணிடுவீங்களா?"

"சீட்டு ரிப்பேர்னே இருக்கட்டும்க்கா. வேற சிக்கல் இருக்கு. புது நிறுத்தம் போட்டா ஆறு வாரத்துல ஒருத்தராவது அங்க ஏறணும், இல்ல இறங்கணும். ஓடைக்கரைல ஒரு ஆளு கால் வைக்கல. வர்ற சனிக்கிழம பதினோரு மணி வண்டிதான் கடைசி. அதுலயும் யாரும் இறங்கலன்னா நிறுத்தத்த எடுத்துடும். ஒரு தடவ எடுத்த தெருவுக்குள்ள ரெண்டு வருஷத்துக்கு மறுபடி திரும்பாது. நான் சொன்னாக்கூட கேக்காது."

தணிகாசலம் திரும்பி வந்து இறங்கும்வரை கீழே நின்றேன்.

"அண்ணே, கஸ்தூரிக்கு எடை கூடிப்போச்சாம். வாரியத்துல சொல்றாங்க."

என்னைப் பார்த்தார். பேப்பரைப் பார்த்தார். அந்த மனிதர் முகத்தில் நான் முதல்முறை கூச்சத்தைப் பார்த்தேன்.

"கார்டு ரெண்டு வாரம் தூங்கிட்டா வழிய மாத்திடுவான்னு பேப்பர்ல போட்டிருந்தான்," என்றார். "என் கார்டு ரயில் கார்டு. அதுல போனா அவ கணக்குல சேராது."

"அதுக்கு நீங்க போவானேன்? அவகிட்டயே குடுத்துடலாமே."

"புடுங்கினத எப்படிம்மா திருப்பிக் குடுக்கறது?"

நாற்பது வருடம் பட்டறையில் கோணல் தகட்டையெல்லாம் தட்டி நிமிர்த்தியவர்.

"சுகந்தி எப்படி இருக்கா?" என்றேன்.

"யார் பார்த்தா? நான் பேப்பர் படிச்சிட்டு வருவேன்." இரண்டு அடி நடந்து திரும்பினார். "நல்லாத்தான் இருக்கா. கொஞ்சம் பூசினாப்ல தெரியுது. அந்தப் பையன் வயித்துக்கு வஞ்சன பண்ணல போல."

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை.

சனிக்கிழமைப் பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியவள் மட்டும் நான்தான். கஸ்தூரி இந்த முறை கதவை மூடவில்லை. அவள் புருஷன் ஐந்து வாரமாக அவளுடைய அட்டையில் போய்வருகிறார் என்பதைச் சொன்னேன். நாலு முறை எழுந்து எழுந்து உட்காருகிறார் என்பதைச் சொன்னேன். சனிக்கிழமையும் யாரும் இறங்காவிட்டால் நிறுத்தமே போய்விடும் என்பதையும் சொன்னேன். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், என் முந்தானையைக்கூடத் தயாராக வைத்திருந்தேன்.

"கண்ணாடி போட்டுட்டுப் போறாரா?" என்று கேட்டாள்.

"இல்லியே. பேப்பர் படிக்கற கண்ணாடிதான் பையில இருக்கும்."

"அதான. தூரக்கண்ணாடி இங்க டிவி மேல கெடக்கு. அது இல்லாம அவருக்குத் தெருவுல போற மாடும் ஒண்ணுதான், மனுஷனும் ஒண்ணுதான். எந்திரிச்சு எந்திரிச்சு என்னத்தப் பார்த்திருப்பாரு." கண்ணாடிக் கூட்டை எடுத்துத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள்.

அட்டை தொலைத்தவர்களுக்குக் கொடுக்கும் ஒருநாள் சீட்டு ஒன்றை நிலோஃபர் என்னிடம் விட்டுப் போயிருந்தாள். சனிக்கிழமை நானும் கஸ்தூரியும் பதினொரு மணி பஸ்ஸில் ஏறியபோது தணிகாசலம் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் பேப்பரை விரித்து முகத்துக்கு நேராகத் தூக்கினார். கஸ்தூரி நேராகப் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் பின்சீட்டு. இதற்கு மேல் பின்னால் உட்கார என்னால் முடியாது.

பாடி தாண்டியது.

"மாத்திரை போட்டீங்களா?" என்றாள் கஸ்தூரி.

"ம்."

அம்பத்தூர் தாண்டியது. அவள் இடுப்பிலிருந்து கூட்டை எடுத்துக் கண்ணாடியை நீட்டினாள். அவர் பேப்பரை மடித்தார். வாங்கிப் போட்டுக்கொண்டார். ஏன் வந்தாய் என்று அவரும் கேட்கவில்லை, ஏன் போனீர்கள் என்று அவளும் கேட்கவில்லை. முப்பத்தொரு வருடக் குடித்தனம்.

பஸ் ஓடைக்கரைத் தெருவுக்குள் திரும்பியது. கடைசி வீடு. கதவு திறந்தது. சுகந்தி வாளியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்து உதறி, கொடியில் போடக் கையைத் தூக்கினாள். தூக்கியபோது துண்டு நழுவியது. பக்கவாட்டில் நின்றிருந்தாள்.

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றி, சட்டையில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"எத்தன மாசம்?" என்றார்.

"எட்டு நடக்குது."

"எங்கிட்ட சொல்லல."

"எதச் சொன்னேன், நீங்க கேட்டீங்க?"

கஸ்தூரி எழுந்தாள். இந்த முறை முழுசாகவே எழுந்துவிட்டாள். அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்ததும் நான் திட்டவே வாயெடுத்தேன்.

"நீ எறங்காத," என்றார். "நெருப்பத் தொட்டிருக்க. புள்ளத்தாச்சிக்கு ஆவாது."

பிறகு அவர் இறங்கினார். அவர் எந்தச் சூடத்தையும் அணைக்கவில்லை. அணைக்க வைத்தவருக்குச் சத்தியம் கிடையாது என்பது மூன்று வருடமாக எங்கள் யாருக்கும் தோன்றவே இல்லை. அவருக்கும்தான்.

சுகந்தி அவரைப் பார்த்து அப்படியே நின்றாள். கையில் இருந்த வேட்டி சொட்டிக்கொண்டிருந்தது. தணிகாசலம் அவளிடம் நாலு அடி தள்ளி நின்று, தரையைப் பார்த்துப் பேசினார். ஜன்னலுக்கு வெளியே பற்பசைப் பல் இருந்தாலும் திறந்த கதவு வழியாகக் காதில் விழுந்தது.

"ஏறு. உங்கம்மா உள்ள இருக்கா."

"அப்பா, இந்த நைட்டியோடயா..."

"ஏறும்மா. கதவு மூடிடும்."

அவள் வேட்டியை அவர் கையில் கொடுத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். உள்ளே வந்ததும் அம்மாவைப் பார்த்தாள். கஸ்தூரி சீட்டை விட்டு நகர்ந்து இடம் கொடுத்தாள். பஸ்ஸில் பக்கத்து ஊர்க்காரிக்கு இடம் கொடுப்பதுபோலத்தான் இருந்தது, அப்புறம் அப்படி இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதைக்கூட நான் பார்க்கக் கூடாது என்று எனக்குத் தோன்றிற்று.

அதற்குள் நாற்பது நொடி முடிந்து கதவு மூடிக்கொண்டது. ஒருவர் இறங்கினார், ஒருவர் ஏறினார், எந்திரத்துக்கு அது போதும். பஸ் நகர்ந்தது. தணிகாசலம் கையை நீட்டிக்கொண்டு இரண்டு எட்டு ஓடினார். ஓட்டுநர் இருந்தால் நிறுத்தியிருப்பார்.

"அப்பா ஏறலியே," என்றாள் சுகந்தி.

"அடுத்த பஸ் எப்ப?" என்று கஸ்தூரி என்னைக் கேட்டாள்.

"நாப்பது நிமிஷம்," என்றேன்.

வண்டி திரும்புவதற்காகத் தெருக்கோடியில் மெதுவாக வளைந்தபோது நான் சீட்டிலிருந்து எழுந்து, கழுத்தை நீட்டி, எவ்வளவு முடியுமோ அவ்வளவு பார்த்தேன். சித்திரை முடிந்தும் வெயில் இறங்கவில்லை. அந்தத் தெருவில் ஒரு மரம்கூடக் கிடையாது. நிழல் இருந்தது அந்த வீட்டு வாசலில் மட்டும்தான். தணிகாசலம் மருமகனின் ஈர வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார். ரூபன் உள்ளேயிருந்து வந்தான். அவர் கையிலிருந்து வேட்டியை வாங்கிக் கொடியில் போட்டான். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து நிழலில் போட்டு, கையால் தட்டி, எட்டிப் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டான்.

பஸ் முனை திரும்பிவிட்டது. அந்த நாற்பது நிமிடம் அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டு பேரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன்.